இடது கை சுற்றிய டேப்

அந்தப் படகு யார்டில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் கணவரின் தங்கை. ஆனால் அந்தத் தங்கை படகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு "அண்ணி, ஒயரை விடுங்க", "அண்ணி, போதும்" என்று நாள் முழுக்கக் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, வாட்ச்மேனிலிருந்து பெயின்ட் அடிக்கிறவர் வரைக்கும், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட, அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தனாருக்கு அங்கே டெஸ்டர் என்று பெயர். கொண்டையில் எப்போதும் கரன்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டரைச் செருகி வைத்திருப்பாள். செருகியதை மறந்துவிட்டு, அதைத் தேடிப் பையைக் கவிழ்த்துக் கொட்டுவாள்.

இருவருக்கும் ஒரே வீடு. கீழ்த்தளத்தில் இரண்டு அறை, நடுவில் சமையலறை. ஒரே வேன். ஒரே வேலை. ஆனால் இருவருக்கும் இடையில் நடக்கும் பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். விடு, இழு, நிறுத்து, ஃபியூஸ் எடு, விளக்கைப் பிடி. வீட்டில் அதுவும் கிடையாது. ஒருத்தி சமைத்து மூடி வைத்தால் இன்னொருத்தி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவி வைப்பாள்.

அண்ணி முன்பு பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தாள். ராத்திரி ஷிஃப்ட். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டிலிருந்து உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எறிகிற வேலை. படகு வேலை கணவருடையது. வசதியானவர்கள் விடுமுறை நாளில் கடலுக்கு ஓட்டிப் போகும் சின்னப் படகுகளுக்கு ஒயர் இழுத்து, ரேடியோ, ஆழம் காட்டும் கருவி, வழி காட்டும் திரை எல்லாவற்றுக்கும் பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுப்பார். தங்கை கூடமாட வேலை செய்வாள். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பேட்டரி படகின் பின்பக்கம் எஞ்சினுக்கு அருகில் இருக்கும். கருவிகள் எல்லாம் முன்னால், ஸ்டியரிங்குக்கு எதிரே. ஒயரைப் பின்னாலிருந்து ஒருவர் குழாய்க்குள் தள்ள வேண்டும், முன்னாலிருந்து ஒருவர் இழுக்க வேண்டும். ஒற்றை ஆள் செய்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும்.

ஒரு காலையில் அவர் வேனில் ஏறப் போனவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது அண்ணி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருவில் கூட்டம். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பத்து நாளாகவே உடம்பில் ஏதாவது காட்டியிருக்கும், யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். அதற்கு நாத்தனார், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்த அந்த நடையில், "கூட இருந்து பார்க்க வேண்டியவங்க பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அதைத் திரும்பச் சொல்லவும் இல்லை, திரும்பப் பெறவும் இல்லை. ராத்திரி முழுக்கப் பிஸ்கட் பொறுக்கிவிட்டு வந்து, அவர் கிளம்புகிற நேரத்தில் படுத்து, அவர் வருகிற நேரத்தில் கிளம்பியவள் என்ன பதில் சொல்வாள்? அந்தப் பேச்சு நெஞ்சில் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை.

சில மாதத்தில் பிஸ்கட் கம்பெனி ராத்திரி ஷிஃப்ட்டையே நிறுத்தியது. அண்ணியின் மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். யார்டில் டெஸ்டர் தனி ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அண்ணி கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் வண்டியைக் கிளப்பினாள்.

படகின் அடிவயிற்றில் புகுந்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஒரு மூடியைத் தூக்கினால் ஆள் படுத்துக்கொண்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே டீசல் நாற்றம், தேங்கிய உப்புத் தண்ணீர், வெயிலில் காய்ந்த ஃபைபர் சூடு. ஒரு முழங்கையை ஊன்றிப் படுத்து, மறு கையால் தலைக்கு மேலே கிளிப் மாட்ட வேண்டும். அண்ணி ஒல்லியானவள் என்பதால் உள்ளே போகிற வேலை எல்லாம் அவள் தலையில் விழுந்தது. சாயங்காலம் வெளியே வரும்போது இடுப்பு நிமிர மறுக்கும். வீட்டுக்கு வந்தால் குளிக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஈரத் துண்டால் கையையும் கழுத்தையும் துடைத்துவிட்டுப் பாயில் விழுவாள். மகள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். மகள் மறுநாள், "அம்மா, நேத்து நான் உன் குறட்டையோடதான் பேசிக்கிட்டு இருந்தேன்" என்பாள்.

இப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு பல் டாக்டரின் படகில்தான் அது தொடங்கியது. அவர் புதிதாக ஒரு பெரிய திரை வாங்கியிருந்தார். அதைப் பொருத்த வரச் சொன்னவர், பேச்சோடு பேச்சாக, ரேடியோவும் ஒரு மாதிரி இருக்கிறது, மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது, நாம் பேசலாம் என்று பட்டனை அழுத்தினால் உடனே அணைந்துவிடுகிறது என்றார்.

டெஸ்டர் மீட்டரை எடுத்து ரேடியோவின் பின்னால் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. குறை இல்லை. அண்ணியைப் பட்டனை அழுத்தச் சொன்னாள். அழுத்தியதும் எண் ஒன்பதுக்கு விழுந்தது, ரேடியோ அணைந்தது. விட்டதும் பழையபடி ஏறியது. மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தபோது, பட்டனை அழுத்தியும் எண் அசையவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கேட்பதற்குக் கொஞ்சம் கரன்ட் போதும், பேசுவதற்கு நிறைய வேண்டும். அந்த நிறைய வருகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணி கருவிகள் மாட்டியிருந்த பேனலுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கறுப்பு டேப் சுற்றிய ஓர் இணைப்பு. டேப்பைப் பிரித்ததும் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு ஒயரையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

வீட்டு ஒயரிங்கில் அப்படிச் செய்தாலே திட்டுவார்கள். படகில் அது பெரிய குற்றம். ஆட்டத்தில் முறுக்கு தளரும், உப்புக் காற்று டேப்புக்குள் புகுந்து செம்பைத் தின்னும். ஒவ்வொரு ஒயர் நுனிக்கும் லக் என்ற உலோக முனை போட்டு, கிரிம்பர் என்ற இடுக்கியால் நசுக்கி, பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்து, அதன் மேல் சூட்டில் சுருங்கும் உறையை ஏற்ற வேண்டும். அண்ணியின் கணவர் இதில் பிடிவாதக்காரர். டேப்பை நம்புகிறவன் தன் மண்டையில் சுற்றிக்கொள்ளட்டும், படகில் சுற்ற வேண்டாம் என்பார். இந்தப் படகுக்கு ஒயரிங் செய்தவரும் அவர்தான்.

"யாரோ பின்னாடி வந்து கை வச்சிருக்காங்க" என்றாள் டெஸ்டர்.

அண்ணி மிச்சமிருந்த டேப்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை நாத்தனார் கையில் கொடுத்தாள். சாதாரணமாக எல்லோரும் சுற்றுகிற பக்கம் அது சுற்றப்படவில்லை. எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. அந்த யார்டில் ஒயரைத் தொடுகிறவர்களில் இடதுகைக்காரர் அண்ணியின் கணவர் ஒருவர்தான் இருந்தார்.

டெஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லக்கும் கிரிம்பரும் எடுத்துவர வேனுக்குப் போனாள். போனவள் திரும்பி வர நேரமாயிற்று.

அடுத்த வாரம் இன்னொரு படகு. ஆழம் காட்டும் கருவி அடிக்கடி அணைகிறது என்றார்கள். அங்கேயும் பேனலுக்குப் பின்னால் அதே டேப், அதே எதிர்ச்சுற்று. அவர் கடைசியாக வேலை செய்த சீசனில் ஒயர் இழுத்த படகு. அதற்கு முந்தைய வருஷம் செய்த ஒரு படகைத் திறந்து பார்த்தார்கள். அத்தனையும் லக் போட்டு, நசுக்கி, உறை ஏற்றி, பார்க்கவே அழகாக இருந்தது.

விஷயம் இருவருக்கும் புரிந்தது. கிரிம்பரால் நசுக்கப் பிடியில் பலம் வேண்டும். கடைசி சீசனில் அவர் இடது கையில் அந்தப் பலம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. கழுத்து வலிக்கிறது, உள்ளே நுழைந்து பேட்டரிப் பக்கம் நீ பார், பேனலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கையைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு, முன்னால் தனியாக உட்கார்ந்து முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்.

அண்ணிக்கு அப்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. அந்தக் கடைசி மாதங்களில் அவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிருக்கு இதமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு அவள் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள்.

அவர் கடைசி சீசனில் செய்தவை பத்துப் பன்னிரண்டு படகுகள். அத்தனையையும் திறந்து சரி செய்தாக வேண்டும். கடலில் நடுவழியில் எஞ்சின் நின்றால் கரைக்குக் குரல் கொடுக்க அந்த ரேடியோ ஒன்றுதான். டெஸ்டருக்கு ஒரே ஒரு கவலை. அண்ணன் வேலையில் குறை என்று வெளியே தெரியக் கூடாது. சும்மா ஒரு சர்வீஸ், எல்லாப் படகுக்கும் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அண்ணிக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் வாதாட அவளிடம் தெம்பில்லை, தலையாட்டினாள்.

வழக்கமான வேலை போக மிச்ச நேரத்தில் இந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. இணைப்பை மாற்றுவதோடு டெஸ்டர் விடவில்லை. ரேடியோவுக்கு மட்டும் தனி ஒயர் புதிதாக இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தாள். அண்ணி மறுபடியும் அடிவயிற்றில் நுழைந்தாள். முழங்கையில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. ஒரு படகில் ஒயரைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே கண் சொக்கிவிட்டது. மறுகோடியிலிருந்து டெஸ்டர் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வந்தாள். மூடிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், அண்ணி எஞ்சின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று நாத்தனார் அவளை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் நுனிகளைச் சீவிக்கொண்டிருந்தாள்.

பாதிக்கு மேல் முடிந்திருந்த சமயம், கணக்கரின் முறை வந்தது. யார்டில் கணக்கர் என்று அழைக்கப்பட்ட அவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. சின்னப் படகு. தனியாகக் கடலுக்குப் போய் நாள் முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு வருவார். மீன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஒரே முகம்தான். அவர்கள் போனபோது படகு துறையில் இல்லை. விடியும்போதே கிளம்பிவிட்டார் என்றார் வாட்ச்மேன்.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வெளியே போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கணக்கர் வரவில்லை. போன் எட்டவில்லை. ஆபீஸிலிருந்த ரேடியோவில் யார்டு மேனேஜர் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரு தடவை மட்டும், ஏதோ குரல் தொடங்கி, ஒரு எழுத்துகூட முழுதாக வருவதற்குள் அறுந்தது. மேனேஜர் சிக்னல் கோளாறு என்றார். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீட்புப் படகுக்குச் சொல்லிவிடுங்கள் என்று அண்ணி கேட்டுக்கொண்டாள். அவர் போன் செய்தார்.

இருவரும் துறையின் கடைசிக்குப் போய்க் கட்டையில் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்து எதுவும் ஆகப் போவதில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. காற்றில் உப்புத் தூறல் முகத்தில் அடித்தது. டெஸ்டர் கொண்டையிலிருந்து டெஸ்டரை எடுத்து, மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பக்கத்துலயேதான் இருந்தேன் அண்ணி" என்றாள் திடீரென்று. "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். ஒரே படகுல. ஒயரை இழுக்கும்போது முன்ன மாதிரி வேகம் இல்லைன்னு தெரிஞ்சுது. சோம்பேறித்தனம்னு கிண்டல் பண்ணினேன். அவரும் சிரிச்சாரு."

அண்ணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது…" என்று தொடங்கியவள், உருட்டிக்கொண்டிருந்த டெஸ்டரை மறுபடி கொண்டையில் செருகினாள்.

இரண்டு வருஷமாக அண்ணி இதற்காகத்தான் காத்திருந்தாள். அந்த நாள் வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை, படகுக்குள் படுத்துக்கொண்டு, மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சொல் சேர்ந்து, அது நீண்டுகொண்டே போனது. இப்போது தேடிப் பார்த்தால் அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் இருந்தது. சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"அந்தப் பக்கம் காத்து அடிக்குது. இந்தப் பக்கம் தள்ளி உட்காரு" என்றாள்.

நாத்தனார் தள்ளி உட்கார்ந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மீட்புப் படகு கணக்கரின் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினில் தண்ணீர் புகுந்து நின்றுபோயிருந்தது. மனிதர் நனைந்து, நடுங்கி, ஆனால் முழுசாக இருந்தார். கரையில் கால் வைத்ததும் முதலில் அவர் தேடியது மேனேஜரைத்தான். நீங்கள் கூப்பிட்டதெல்லாம் கேட்டது ஐயா, ஒவ்வொரு தடவையும் கேட்டது, பதில் சொல்லப் பட்டனை அமுக்கினால் செத்துப்போகிறது, நான் மட்டும் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று ஆற்றாமையோடு சொன்னார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த ரேடியோவுக்கு ஒயர் போட்டது யாரும்மா?"

டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். சும்மா சர்வீஸுக்கு வந்தோம் என்ற பேச்சு அங்கே செல்லாது என்று அவளுக்கும் தெரிந்தது. மேனேஜரும் வாட்ச்மேனும் மீட்புப் படகு ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

"என் வீட்டுக்காரர்தான்" என்றாள் அண்ணி. "அப்ப அவருக்கு உடம்பு முடியலை. கையில பலம் இல்லாம இருந்திருக்கு. எங்க ரெண்டு பேருக்குமே தெரியலை. இப்பத்தான் கண்டுபிடிச்சோம். மத்த படகு எல்லாம் மாத்திக்கிட்டு வர்றோம். உங்களுதுக்குத்தான் காலையில வந்தோம், நீங்க கிளம்பிட்டீங்க."

கணக்கர் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார். அவருக்குக் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. கடைசியில், அவர் நல்ல மனுஷன், என்னிடம் கடைசியாகப் பேசும்போதுகூட லைஃப் ஜாக்கெட் பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்றுதான் சொன்னார் என்று சொல்லிவிட்டு, குடிக்கச் சூடாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். வாட்ச்மேன் தன் ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

விஷயம் யார்டு முழுக்கப் பரவியது. சிலர் முகத்துக்கு நேரே பரிதாபப்பட்டு, முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி பேசினார்கள். இரண்டு பேர் தங்கள் படகை இனி வேறு ஆளிடம் காட்டிக்கொள்கிறோம் என்றார்கள். டெஸ்டர் அவர்களிடமும், வேறு ஆள் வந்தால் பேனலுக்குப் பின்னால் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு வந்தாள். மேனேஜர், இதையெல்லாம் இப்படி வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆதங்கப்பட்டார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டாள்.

கணக்கரின் படகை மறுநாளே திறந்தார்கள். இணைப்பு தொட்டதும் கையோடு வந்தது. அதை வைத்துக்கொண்டு இருவரும் ஸ்டியரிங்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். அது பெரிய அழுகையாக வரவில்லை. பெரிதாக அழவும் தெம்பு வேண்டும். பிறகு டெஸ்டர் ஒயரைச் சீவினாள். லக்கைப் போட்டுக் கிரிம்பரை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி இரண்டு கையாலும் நசுக்கினாள்.

அண்ணியின் கணவர் கடைசி சீசனில் செய்த படகுகளில் ஒன்றை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. அதன் சொந்தக்காரர் அதை விற்றிருந்தார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றிருந்தார். அந்த ஆளின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. டெஸ்டர் கரையோரம் இருக்கிற மற்ற யார்டுகளுக்கெல்லாம் படகின் நிறம், நீளம், எஞ்சின் வகை எல்லாம் சொல்லி விசாரித்துப் பார்த்தாள். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. காற்று பலமாக அடிக்கிற நாளில் இருவருக்கும் அந்தப் படகின் நினைப்பு வரும். யாராவது அதைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்பாள் அண்ணி. பார்த்திருப்பார்கள் என்பாள் நாத்தனார்.

சமையலறையில் இப்போது பேச்சு உண்டு. நிறைய இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது, முழங்கைக்கு மருந்து போட்டீர்களா, மகள் பரீட்சை எப்படி எழுதினாளாம், அவ்வளவுதான். பேசிப் பழகாத வாய்கள், அதற்கு மேல் போவதற்குள் இருவருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது. சீசன் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு புதுப் படகுக்கு அடியிலிருந்து நுனிவரை ஒயர் இழுக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அண்ணி பேட்டரிப் பக்கம் நுழைவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இந்தத் தடவை அடிவயிற்றுக்குள் தான் போவதாக டெஸ்டர் சொல்லிவிட்டாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் உடம்பு கொஞ்சம் தடித்துவிட்டது. எப்படி நுழையப் போகிறாள் என்று தெரியவில்லை.